அமுக்காமல் அளந்த கால்

ஸ்கேனுக்குத் தடவும் பசை சில்லென்று இருக்கும். காலில் பட்டதும் நோயாளிகள் துள்ளுவார்கள். அதனால் ஸ்கேன் அக்கா அதை உள்ளங்கையில் தேய்த்து, சூடாக்கித்தான் தடவுவாள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்புக்கு மேல் எவ்வளவு சதை இருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. அந்த அளவை வைத்துத்தான் பக்கத்து அறைக் கருவி, கத்தி படாமலே எலும்பில் ஏறிய ஈயத்தைச் சொல்லும். சதை கொஞ்சம் ஈயத்தை மறைத்துவிடும். மறைத்ததைக் கணக்கில் கூட்ட வேண்டும். ஸ்கேன் முனையைத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். அமுக்கினால் சதை நசுங்கும். அளவு குறையும், ஈயமும் குறைவாகவே வரும்.

அவள் அண்ணனுக்கு அமுக்கித்தான் அளந்தார்கள். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனியில் வேலை, நாளெல்லாம் ஈயப் புகை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவனை, கம்பெனி ஸ்கேன்காரன் "ஒண்ணுமில்லப்பா, போய் வேலையைப் பாரு" என்று உலைக்கே அனுப்பினான். அண்ணன் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் இந்தத் தொழிலையே கற்றாள். கம்பெனி மேல் வழக்கும் போட்டாள். சாட்சிதான் கிடைக்கவில்லை.

ஒருநாள் கடவுள் அந்த ஸ்கேன்காரனையே அவள் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார். அவனும் அந்தப் புகையைக் குடித்தவன்தானே. ஈயம் அதிகம் என்று வந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள்.

"கொஞ்சம் பாத்து அளங்கம்மா."

"உன்னைத்தானே இத்தனை வருஷமா எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்."

அவனுக்கு மட்டும் பசையைச் சூடாக்கவில்லை. சில்லென்று அப்பி, முனையை ஊன்றி அழுத்தினாள்.

"அமுக்காதீங்கம்மா! கம்மியா காட்டும்!"

கதவருகே நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அட! தெரிஞ்சுதான் செஞ்சியா? தொழில் தெரியாதவன்னு உன்னைத் தப்பா நினைச்சுட்டேனே! என் அண்ணனை உலைக்குத் திருப்பி அனுப்பினியே, ஞாபகமிருக்கா?"

அவன் முகம் வெளுத்தது. "முதலாளி சொன்னாரும்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"அவனுக்கும் இருந்துச்சு."

கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் போதும், மருந்தில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவான். பிறகு மூச்சை விட்டு, கையைத் தளர்த்தி, பூப்போல வைத்து அளந்தாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஈயம் எக்கச்சக்கமாக வந்தது.

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் அழுதான். "எனக்குப் போய் எதுக்கும்மா இந்த நல்லது?"

"நல்லதா? மருந்தை ஒழுங்கா ஏத்திக்கிட்டு எழுந்து வா. கோர்ட்டுல சாட்சிக் கூண்டு ஏறி நிக்க உனக்குக் கால் வேணும்ல!"