பூவிலேயே விலை பேசுகிறவர்கள்

இன்னும் சம்பாதிக்கத் தொடங்காத கம்பெனிகளில், பாதிக்கு மேல் மூழ்கும் என்று தெரிந்தே பணம் போடுவதுதான் எங்கள் தொழில். நிறுவனம் பெங்களூரில், பணம் தருகிறவர்கள் அமெரிக்காவில். அதனால் ஏற்காட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு அலுவலகம் ராத்திரிதான் விடிகிறது. புதிய தொழில்நுட்பக் கம்பெனிகளின் விண்ணப்பங்களை முதலில் படிப்பவன் நான். இந்த வேலை கல்லூரியில் படித்து வந்ததல்ல, தட்டுத் தடுமாறி நானே கற்றது. பகலில் தூக்கம் பிடிக்காத ராத்திரி வேலைக்காரர்களே, உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

டீக்கடை விளக்கம்

வேலை முடிந்ததும் மணியண்ணன் கடையில் டீ. அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. ஆரஞ்சு மரங்களைப் பூ விட்டதுமே விலை பேசிக் குத்தகைக்கு எடுப்பார். என் வேலையை அவரிடம் பாடுபட்டு விளக்கினேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இது பூவுல வெல பேசறதுதானுங்க. காத்தடிச்சாக் கொட்டிப்போவும். அதுக்கு ஏனுங்க ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கறீங்க?"

பத்து நாடு

பக்கத்து ஊரான நாகலூரின் பூங்கொடி சேலத்து வேலையை விட்டுவிட்டு ஒரு கருவி செய்திருந்தாள். களத்தில் காயும் காப்பிக் கொட்டைக் குவியலுக்குள் செருகி வைத்தால், ஈரம் எவ்வளவு, எப்போது மூட வேண்டும் என்று போனுக்குச் செய்தி வரும். அவள் விண்ணப்பத்தை மேலே அனுப்பினேன். அறுவடைக்கு முன்பு பணம் வந்தால் கருவிகள் தயாராகும். வராவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

அப்போது நிறுவனத்தில் நாங்கள் நாலு பேர்தான். முதலாளியே மலையேறி வந்தார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் பத்து நாட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?" என்றார். பூங்கொடி கொஞ்சம் யோசித்தாள்.

"மொதல்ல இந்த மலையிலயே இருக்கற வாழவந்திக்குக் கொண்டு போவோணுங்க சார். அங்க போன் டவரே இல்லீங்க."

வளர்ந்த பிறகு

முதலாளி சிரித்தார். பெரிய நிதி ஒன்று திரட்டுகிறோம், வந்ததும் முதல் செக் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நிதி வந்தது, நினைத்ததைவிடப் பெரிதாக. கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம் வந்தது. பெயர் மனதில் நிற்காத அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். பிறகு ஒரு விதியும் வந்தது: சின்னத் தொகை கொடுப்பதில்லை. சின்னக் கம்பெனியைக் கவனிக்கவும் பெரிய கம்பெனியைக் கவனிக்கவும் ஒரே நேரம்தான் பிடிக்கிறதாம். குறைவாகக் கேட்டதுதான் பூங்கொடி செய்த குற்றம். "கொஞ்சம் கூடுதலாவே கேளேன் கண்ணு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அத்தனை காசை வெச்சு நான் என்னங்கண்ணா பண்ணுவேன்? பெரிய லாரி நம்ம மலை வளைவுல திரும்பாதுங்க. உடுங்க."

அறுவடைக்கு முன்பு

மறுப்பு மெயிலை எழுத வேண்டியவனும் நான்தான். எழுதி அனுப்பிவிட்டுக் காலையில் டீக்கடைக்குப் போனால், பெஞ்சில் பூங்கொடி. மணியண்ணனும் மாரமங்கலத்துக் காப்பித் தோட்டக்காரர்கள் இருவரும் சேர்ந்து முதல் கருவிகளுக்குப் பணம் போடுவதாகப் பேச்சு முடிந்திருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? "நஷ்டமானால்?" என்றேன்.

"ஆரஞ்சு கொட்டுனப்ப நான் யாரைப் போய்க் கேட்டேனுங்க? பூ நல்லா இருக்குது, எடுத்துக்கிட்டேன். நீங்க ஊட்டுக்குப் போய்த் தூங்குங்க."

எங்கள் நிறுவனம் இன்று பத்து நாடுகளை எட்டிவிட்டது, நாகலூருக்குத்தான் கை எட்டவில்லை.