மூன்று இலையும் ஒரு குற்றச்சாட்டும்

நியூ ஜெர்ஸியில் நாங்கள் வாங்கிய வீட்டின் மனையில் பாதிக்கு மேல் மரங்கள். முதல் மார்ச் மாதம், ஓக் மரம் ஒன்றில் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கொடி ஏறியிருப்பதைப் பார்த்தேன். இலை கிடையாது. உடம்பெல்லாம் தேங்காய் நார் போலச் சிலும்பியிருந்தது. காய்ந்த கயிறு என்று நினைத்து, வெட்டி வெறுங்கையால் இழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் இரண்டு கைகளிலும் கொப்புளங்கள் எழுந்தன.

அது பாய்சன் ஐவி. காம்புக்கு மூன்று இலை பார்த்தால் தொடாதே என்று இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இலை உதிர்ந்த பிறகும் அதன் எண்ணெய் வேலை செய்யும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. சலவைத் துணியில் குறி போடும் சேங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோகும் அல்லவா, அதே வகை எண்ணெய், இரண்டும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள் என்று படித்தேன். படித்ததைக் குறித்தும் வைத்தேன். அந்தக் குடும்பத்தில் வேறு யார் யார் என்று மட்டும் பார்க்கவில்லை.

மே மாதம் கொடிகளை அகற்ற ஒருவரை அழைத்தோம். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், மரம் தோட்ட வேலைகள் செய்கிறவர். அவருக்கு விளம்பரப் பலகை கிடையாது. எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிடுவதுதான் அவருடைய தொழில். ஃபோனில் எங்களுக்கு ஒரு தமிழ் குரூப் உண்டு. அதில் பெயர் நன்றாக இருந்தால் வேலை வரும். அவர் பெயர் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு "மூண்டு நாள் காணும், முடிச்சுப் போடலாம்" என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. எந்த மருந்து அடிப்பீர்கள், வேர் எவ்வளவு ஆழம், திரும்ப வராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அடுக்கினேன்.

"அண்ணை, நீங்கள் கொடியை விசாரிக்கிறியளோ, என்னை விசாரிக்கிறியளோ?"

சென்னையில் பல வருடங்கள் நாளிதழில் வேலை பார்த்தவன். மாவட்டச் செய்தியாளர்கள் அனுப்புவதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தில், அவர் வேலை செய்த மூன்று நாளும் சமையலறை ஜன்னலில் நின்று குறிப்பெடுத்தேன். வந்த நேரம், போன நேரம். கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் பத்தொன்பது. இரண்டாம் நாள் மதியம் டிரக்கில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலி ஓரத்தை நாளைக்குப் பார்ப்பதாகச் சொன்னார். மறுநாள் பார்த்தாரா என்பது ஜன்னலிலிருந்து தெரியவில்லை. கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

ஜூன் மாதம் எனக்கு மறுபடி வந்தது. இந்த முறை உதட்டின் இரு ஓரங்கள், முகவாய், வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு. நான் மரங்கள் பக்கமே போகவில்லை. அவர் வேலை முடிந்து வெளிக்குழாயில் கை கழுவியது நினைவுக்கு வந்தது. குழாயின் திருகில் எண்ணெய் தங்கியிருக்கும் என்றேன்.

"அந்த டேப்பை நீங்க தொட்டீங்களா?" என்றாள் மனைவி. மருந்து கம்பெனியில் சோதனை முடிவுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை.

"தொடலை."

"அப்புறம் எப்படி?"

"எப்படியோ வந்திருக்கு."

"அது என்ன பூனையா, தானா நடந்து வர்றதுக்கு?"

முழுக்கைச் சட்டை, இரட்டைக் கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு வேலி ஓரம் தேடினேன். ஒரு சாண் உயரத்தில் மூன்று இலைகளுடன் ஒரு செடி நின்றது. கேள்விக்குறிக்கு விடை கிடைத்துவிட்டது என்று முடிவு செய்தேன். அன்று மாலையே குரூப்பில் எழுதினேன்: "பாய்சன் ஐவி எடுக்க வந்தவர் வேரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு மறுபடி வந்துவிட்டது. அவரை அழைக்க நினைப்பவர்கள் யோசிக்கவும்." கீழே இரண்டு படங்கள்: செடி, என் முகவாய்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்தரப்பின் பதில் இல்லாத செய்தியை என் மேசைக்கு யாராவது அனுப்பியிருந்தால் திருப்பி எறிந்திருப்பேன்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பெண் முதலில் பதில் போட்டார்: "தேங்க்ஸ் அங்கிள். சாட்டர்டே வரச் சொல்லியிருந்தோம். கேன்சல் பண்ணிட்டேன். சின்னப் பசங்க இருக்காங்க." ஒரு மணி நேரத்துக்குள் இன்னும் இரண்டு வீடுகள் அதையே செய்தன.

ஞாயிறு காலை யாழ்ப்பாணத்துக்காரர் வந்தார். குரூப்பில் அவர் இல்லை. நான் எழுதியதை யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். சத்தம் போடவில்லை. "செடியைக் காட்டுங்கோ" என்றார். காட்டினேன். கையில் பையை மாட்டி அதைப் பிடுங்கி, வேரை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"வேரைப் பாருங்கோ, நூல் மாதிரி. நான் விட்ட வேர் எண்டா விரல் மொத்தத்தில இருக்கும். இது குருவி போட்ட விதை அண்ணை. குருவிக்கும் சேர்த்து நான் உத்தரவாதம் தரேல்லை."

இப்படி ஒரு பதில் எல்லா வேலைக்காரர்களிடமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே, வீட்டுப் பின்பக்கப் பலகைத் தளத்தைப் பார்த்தார். அங்கே இந்தியக் கடையிலிருந்து வந்த மாம்பழப் பெட்டிகள் இரண்டு காலியாகக் கிடந்தன.

"மாம்பழம் தோலோட சாப்பிடுறனீங்களோ?"

"ஏன் பேச்சை மாத்தறீங்க?"

"மாத்தேல்லை. எங்கட வீட்டு வளவில ரெண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்டது. அதில ஏறித்தான் வளர்ந்தனான். இந்த வேலைக்கு வந்து ரெண்டாம் வருஷம், மாந்தோல் பட்டு வாயெல்லாம் வெடிச்சுப் போட்டுது. எல்லாருக்கும் இல்லை. ஐவி ஒருக்காப் பிடிச்சவையில சிலருக்கு மாந்தோலும் பிடிக்கும். இப்ப மனிசி சீவித் தந்தா முள்ளுக்கரண்டியால சாப்பிடுறன், பாங்க் மனேஜர் மாதிரி."

குற்றம் சாட்டப்பட்டவர் வேறொருவரைக் கைகாட்டுவது எனக்குப் புதிதல்ல. அதுவும் மாம்பழத்தை.

மனைவி வெளியே வந்து, "டீ சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்றாள்.

"வேலை கிடக்கெண்டு சொல்லிப் போட்டு ஓடத்தான் ஆசை அக்கா. இந்தக் கிழமை முழுக்க வேலை இல்லை" என்றார். உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டே போனார். என்னைத் தவிர்த்து அவளிடமே பேசிக்கொண்டிருந்தார்.

அவர் டிரக் தெருமுனை திரும்பியதும் மனைவி என்னைச் சமையலறைத் தொட்டி முன்னால் நிற்க வைத்தாள். "மாம்பழம் எப்படிச் சாப்பிடுவீங்க, செஞ்சு காட்டுங்க." காட்டினேன். நுனியைக் கடித்துத் துப்புவேன். கசக்கிப் பிழிந்து உறிஞ்சுவேன். பிறகு தோலைப் பல்லால் சுரண்டுவேன். சாறு மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடும். அவள் விரலை என் தோலில் படாமல் அந்தக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டு போனாள்.

"மேப் போட்ட மாதிரி இருக்கு. நான் துண்டு போட்டு ஸ்பூன்ல சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் வரலை."

மற்றவர்கள் அனுப்பிய செய்தியில் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டவன், என் கையில் ஓடிய கோட்டைப் படிக்கவில்லை. சேங்கொட்டையின் குடும்பத்தில் மாமரமும் உண்டு என்று அன்றுதான் தேடிப் படித்தேன். அப்போதும் நம்பிவிடவில்லை. மூன்று வாரம் மாம்பழத்தை நிறுத்தினேன். இரண்டாம் வாரமே எல்லாம் ஆறிவிட்டது. தற்செயலாக இருக்கலாம் என்றேன். கடைசியில், மனைவி திட்டத் திட்ட, தபால்தலை அளவு மாந்தோலை இடது கையின் உட்புறம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். மறுநாள் எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரு சிவந்த சதுரம், நான்கு மூலைகளும் சரியாக.

"ஸ்டாம்ப் ஒட்டியாச்சு" என்றாள் மனைவி. "எப்ப எழுதப் போறீங்க?"

திருத்தம் எழுதுவது குற்றச்சாட்டு எழுதுவதைவிட அதிக நேரம் பிடித்தது. முதல் வடிவத்தில் "வேலி ஓரத்தில் ஒரு செடி இருந்தது உண்மை" என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்தேன், மறுபடி சேர்த்தேன், மறுபடி அடித்தேன். அந்த வரி அவருக்காக அல்ல, எனக்காக இருந்தது. கடைசியில் அனுப்பியது: "நான் எழுதியது தவறு. எனக்கு வந்தது மாம்பழத் தோலால். அவர் வேலையில் குறை இல்லை. அவரிடம் கேட்காமல் எழுதிவிட்டேன்." கூடவே அந்தச் சதுரத்தின் படம்.

மாம்பழத்தைப் பற்றி வேடிக்கைகள் வந்தன. "அங்கிள், அடுத்து இட்லியா?" என்று ஒருவர். அவற்றுக்கு நடுவே இன்னொருவர் கேட்டிருந்தார்: "அவர் வந்து ஏதாவது மிரட்டினாரா?" அந்தக் கேள்விக்கு ஏழு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

வேலையை ரத்து செய்த பெண்ணைத் தனியாக ஃபோனில் கூப்பிட்டேன். "நீங்க நல்லவர் அங்கிள். பாவம் பார்த்து வாபஸ் வாங்கிட்டீங்க. எனக்குப் புரியுது" என்றார். நான் என்ன சொன்னாலும் அது அவருக்கு என் நல்ல குணமாகவே கேட்டது.

யாழ்ப்பாணத்துக்காரரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். பழைய பதிவை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அழிக்காதேங்கோ அண்ணை. அழிச்சா, என்னவோ இருந்தபடியால்தான் அழிச்சவர் எண்டு சொல்லுவினம். அப்பிடியே கிடக்கட்டும்."

"வேற என்ன செய்யணும்?"

"என்னட்டக் கேக்கிறியளோ? இது முதல் தரம்" என்றார். பிறகு, "ஆரும் வந்து உங்கட வளவைப் பாத்தா நல்லம்" என்றார்.

ஆகஸ்டில் அந்தப் பெண்ணை வரச் சொன்னேன். முழங்கால் வரை பூட்ஸ், கையுறை. ஒவ்வொரு மரமாக நின்று அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். எந்த மருந்து, எத்தனை நாள் என்று கேட்டார். நான் பதில் சொன்ன பிறகும் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேலியை நெருங்கியபோது சட்டென்று நின்றார்.

"அங்கிள், அது மூணு இலை."

ஆமாம், மூன்று இலைதான். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அந்தப் பெண்ணின் கண் எதிரிலேயே யாழ்ப்பாணத்துக்காரரை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"இலைக் காம்புகள் தண்டில எதிர் எதிரா நிக்குதோ, மாறி மாறி நிக்குதோ?"

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். "எதிர் எதிரா இருக்கு."

"அப்ப பயமில்லை. அது மேப்பிளில ஒரு சாதியின்ர குட்டி, ஐவியைப் போல வேஷம் போடும். ஐவி எண்டா மாறி மாறி நிக்கும்."

அந்தப் பெண் படமெடுத்து, ஃபோனிலேயே ஏதோ தேடி ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "சாட்டர்டே ஃப்ரீயான்னு கேளுங்க அங்கிள்" என்றார்.

"கேட்டுது, கேட்டுது" என்றது ஸ்பீக்கர். "வாறன். ஆனா அண்ணை நோட்டுப் புத்தகத்தோட அங்க வரக்கூடாது. நான் டிரக்கில இருந்து சோறு தின்னுறதையும் எழுதுறவர்."

சனிக்கிழமை காலை நடைக்குப் போகும்போது அந்தப் பெண்ணின் தெரு வழியாகப் போனேன். அவர் மண்டியிட்டு வேர் தோண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். ஓரத்தில் நான்கு கறுப்புப் பைகள் கட்டி நின்றன. சமையலறை ஜன்னலில் அந்தப் பெண் கையில் ஃபோனுடன் நின்றிருந்தார். படமெடுக்கிறாரா, எண்ணுகிறாரா என்று தெரியவில்லை. ரத்து செய்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றுவரை அவரைக் கூப்பிடவில்லை.