கல், ஏழு இருபது

மீரா போய்விட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் மார்வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு நேற்று காலை ஆபீசில்தான் தெரியும். என் பக்கத்து சீட். நாற்காலியில் அவள் நீல ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது…

அவளோடு பழகியது நான் நெல்லையிலிருந்து டிரான்ஸ்பரில் டெல்லி வந்த முதல் மாதம். மதியச் சாப்பாட்டு நேரம். டெல்லி ஜனக்புரியிலேயே பிறந்து வளர்ந்த மீரா, டிபனைத் திறந்துகொண்டே கேட்டாள். “அக்கா, கல் லைட் அச்சா இருக்கும். வரீங்களா?”

நான் ஏதோ கோட்டை, பழைய கல், அதன்மேல் வெயில் விழும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். “எந்தக் கல்லச் சொல்லுத?”

செக்‌ஷனே சிரித்தது. ஹிந்தியில் கல் என்றால் நாளை. நேற்று என்றாலும் அதே கல்தான்! மீரா அதை அப்படியே தமிழில் போட்டுப் பேசுவாள். கல் போனேன், கல் போவேன். கடைசியில் வரும் வினையைக் கேட்டால்தான் நேற்றா நாளையா என்று நமக்குப் புரியும்.

அப்படித்தான் சனிக்கிழமைக் காலைகளில் அவள் படம் எடுக்கப் போகும்போது கூடப் போக ஆரம்பித்தேன். மெட்ரோவில் மெஜந்தா லைன், பெண்களுக்கான முதல் பெட்டி. ஜனக்புரியில் அவள் ஏறி எனக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். ஆர்.கே.புரத்தில் நான் ஏறுவேன். ஓக்லாவில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் யமுனை.

பனியில் அக்கரை இருக்காது. ஆறும் வானமும் ஒரே சாம்பல். எங்கேயோ நாரை கத்தும், எங்கே என்று தெரியாது. பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரியே இருக்கும் எனக்கு.

மற்றவர்கள் எல்லாம் பெரிய பெரிய லென்ஸோடு பறவையைத் துரத்துவார்கள். மீரா தண்ணீரில் நட்டிருக்கும் ஒரு வெறும் குச்சியைப் பார்த்து கேமராவை வைத்துவிட்டு நிற்பாள். ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள். சூரியன் எங்கே எழும், எத்தனை மணிக்கு அந்தக் குச்சிக்குப் பின்னால் வரும் என்று முந்தின வாரமே பார்த்து வைத்திருப்பாள்.

“ஆளே இல்லாத குச்சிய எதுக்குட்டி எடுக்க?”

“இடமும் லைட்டும் ரெடியா இருக்கட்டும்க்கா. ஆள் வரும்.”

ஒரு நாள் வந்தது. நீர்க்காகம் ஒன்று குச்சியில் உட்கார்ந்து ஈரச் சிறகை விரித்தது. பின்னாலிருந்து சூரியன். சிறகின் ஓரமெல்லாம் செம்பு நிறம். மீரா மூச்சுகூட விடவில்லை. “டெல்லிப் பனி நம்ம காபி ஃபில்டர் மாதிரிக்கா… மெதுவா இறக்கும்” என்றாள் பிறகு, பிளாஸ்க்கைத் திறந்தபடி.

எனக்கு ஒரே ஒரு குறை. என் ப்ரொஃபைல் படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஆதார் கார்டு மூஞ்சி. நீயே ஒரு நல்ல படம் எடுத்துக் கொடு என்று இரண்டு வருஷமாக அவளை நச்சரித்தேன். “நீர்க்காகத்துக்குக் குடுக்க மரியாதை எனக்குக் கெடயாதா?”

“உங்களுக்கு ஏத்த ஜகா… இடம் இன்னும் கிடைக்கலக்கா. கிடைச்சா சொல்றேன்.”

போன வெள்ளி இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். இரண்டு பக்கமும் நாணல், நடுவில் மண் பாதை, சாய்ந்து விழும் வெயில். கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: “கல் 7.20.”

எந்தப் படம் அனுப்பினாலும் எடுத்த நேரத்தைக் கீழே போடுவது அவள் வழக்கம். வியாழக்கிழமை அவள் லீவு வேறு. நேற்று எடுத்தது என்று நினைத்து, சூப்பர் என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அந்த வாரம் போவதாகப் பேச்சே இல்லை; சனிக்கிழமை குளிருக்குப் போர்வையை விட்டு எழவே இல்லை.

அவள் சொன்னது நாளை. என் கட்டைவிரல் அவளுக்கு ‘வருகிறேன்’.

இன்று ஜனக்புரி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர்தான் சொன்னார். “அக்கா வருவாங்கன்னு ரெண்டு கப் எடுத்துட்டுப் போனா. திரும்பி வந்து, பாவம் குளிரு, அக்கா தூங்கட்டும்னு சிரிச்சா.”

கேமராவை என் கையில் கொடுத்தார். சனிக்கிழமைப் படங்கள், மொத்தம் பதினொன்று. எல்லாம் அதே நாணல் பாதை.

முதல் படத்தில் பாதை நடுவில் அவளுடைய பிளாஸ்க் நிற்கிறது. ஃபோகஸ் பார்க்க வைத்திருக்கிறாள், நான் நிற்க வேண்டிய இடத்தில். அடுத்த படத்தில் பிளாஸ்க் இல்லை. வெயில் மட்டும் நாணலைத் தாண்டிப் பாதைக்கு வருகிறது. இன்னொன்றில் பாதை முழுக்கப் பொன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போகிறது.

பதினோராவது படத்தில் வெயில் சாதாரண வெயிலாகிவிட்டது. ஆள் இல்லை.

அந்த வீட்டில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன். ஒரு வார்த்தை, “எந்தக் கல்?” என்று கேட்டிருக்கலாம். முதல் நாள் கேட்டேனே…

நாளைக் காலை ஆர்.கே.புரத்தில் ஏறுகிறேன் மீரா. முதல் பெட்டி. அந்த நாணல் பாதையில், நீ பிளாஸ்க் வைத்த இடத்தில் நிற்பேன்.

ஏழு இருபது. கல் வாரேன்ட்டி.