ஒரு படகுத்துறைக்கு ஐந்து அடிக்கல்

கல்லில் பெயர் வெட்டும் தொழிலில் இரண்டே வகை வாடிக்கையாளர்கள்தான்: செத்தவர்களும் திறப்பு விழாக்காரர்களும். இதில் செத்தவர்கள் "நாளைக்கே வேணும்" என்று உயிரை வாங்க மாட்டார்கள்.

தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சந்துக்குள் என் கடை. கல்லறைக் கல், அடிக்கல், பேனர், ரப்பர் ஸ்டாம்ப், அடுத்தவர் பெயர் எதில் ஏறுமோ அதெல்லாம் செய்வேன். கிள்ளானைத் தாண்டிக் கடலோரமாக ஓர் ஊர் இருக்கிறது. அதன் நகராண்மைக் கழகம் என்னுடைய நெடுநாள் வாடிக்கையாளர். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன்; அடுத்த ஆர்டர் போய்விடும். உல்லாசக் கடற்கரை என்று சாலையெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையும் என்னுடையதுதான். தண்ணீர் வற்றிவிட்டால் அரை மைலுக்குச் சேறுதான் உல்லாசம். கவுன்சில் கவுண்டரில் நம்பர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து, தன் நம்பர் வரும்போது அதிகாரி சாப்பிடப் போன அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

முதல் கல்

அந்த ஊரில் மீனவர்கள் பயன்படுத்தும் மரப் படகுத்துறை ஒன்று உண்டு. ஊரில் ஜெட்டி என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து என்னிடம் வேலை செய்யும் காசிம் அந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பதால் நான் படகுத்துறை என்றே எழுதுகிறேன். அதன் கடைசி ஐந்து படிகள் உளுத்து விழுந்துவிட்டன. தண்ணீர் ஏறியிருந்தால் தெரியாது. வற்றிவிட்டால் மீன் கூடையோடு சேற்றில் குதிக்க வேண்டும். அப்படிக் குதித்துத்தான் மீனவர் மரியசூசை அண்ணனின் மனைவி செசிலி அக்கா முழங்காலை உடைத்துக்கொண்டார். அதன்பிறகு கம்பு ஊன்றித்தான் நடை. ஆனாலும் படகிலிருந்து மீனை இறக்கித் தரம் பிரிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. தினம் இரண்டு பேர் கையைப் பிடித்து அவரை இறக்குவார்கள், ஏற்றுவார்கள்.

மீனவர்கள் கழகத்திடம் கேட்டது ஐந்தே ஐந்து படி. கழகம் பெரிய மனசு பண்ணி, மிதக்கும் உணவகம், விளக்கு வளைவு, செல்ஃபி எடுக்க ஒரு கான்கிரீட் நண்டு எல்லாம் சேர்த்து ஒரு திட்டம் போட்டது. அடிக்கல் ஆர்டர் எனக்கு வந்தது. கல் கனமாக இருந்தால்தான் படத்தில் எடுப்பாகத் தெரியும் என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி புவான் சாலேஹா. புவான் என்பது மலாயில் 'அம்மா' என்கிற மரியாதை. நாலங்குல கனத்தில், இரண்டரை அடி நீளத்தில் கறுப்பு கிரானைட். கழகத் தலைவர் வந்தார், மண்வெட்டியால் மணலை மூன்று தரம் கிளறினார், கேக் வெட்டினார், போனார். கல்லை நட எனக்குச் சிமெண்ட் குழைத்துக் கொடுத்த மரியசூசை அண்ணன், கூட்டம் கலைந்ததும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"பாஸ், கல்லு நல்ல கல்லாத்தான் இருக்கு. ஆளு ஏறி நின்னா தாங்குமா?"

பூட்டும் திறப்பும்

படி வரவில்லை, தலைவர் மாறினார். நம் நாட்டில் நகராண்மைக் கழகத் தலைவர்கள் மழைக்காலம் மாதிரி. வருவது தெரியும், போவது தெரியும், நடுவில் வெள்ளம் மட்டும் நிச்சயம். புதியவர் படகுத்துறைக்கு இரண்டாவது அடிக்கல் நாட்டினார். முந்தைய கல்லில் முந்தையவர் பெயர் இருக்கிறதே, அதை வைத்து எப்படிக் கட்டுவது? கூடவே கடற்கரையில் ஒரு கழிப்பறையையும் திறந்து வைத்தார். மூன்றாமவர் வந்ததும் அதே படகுத்துறைக்குக் கல், அதே கழிப்பறைக்குத் திறப்பு விழா. நான்காமவர் வந்தபோது புவான் சாலேஹா கடைக்கே வந்துவிட்டார். கழிப்பறைக்கு, பெயரை மட்டும் ஸ்குரூ போட்டு மாட்டிக் கழற்றுவது மாதிரி ஒரு பலகை செய்ய முடியுமா என்று கேட்டார். கேலியில்லை, அளவெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

செய்து கொடுத்தேன். மாட்டப் போன இடத்தில் எனக்கே அவசரம். கழிப்பறைக் கதவில் பெரிய பூட்டு. திறந்து வைத்த அன்று மாலையே பூட்டிவிடுவார்களாம், இரண்டு தரமும் அப்படித்தானாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "திறந்த கழிப்பறையை ஏன் புவான் மூடி வைக்கிறீங்க?" என்று மலாயில் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக, மூடாவிட்டால் பிறகு எப்படித் திறப்பது என்று விளக்கினார்.

"கலாவ் தா துத்துப், மாச்சாம் மானா நா புக்கா?"

பெர்மிட்

காசிம் ராமநாதபுரத்துக்காரர், நாற்பது வயது. வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப் முடித்துப் புதுப்பிக்கும் வேலை பெர்மிட்டில் வந்து ஏழெட்டு வருஷமாக என்னோடு இருக்கிறார். நான்காவது அடிக்கல்லுக்கு ஸ்டென்சில் ஒட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று நிமிர்ந்து, "அண்ணே, இந்தத் தலைவருங்க தோத்துத் தோத்துப் போறாங்களே, எலெக்‌ஷன் எப்ப நடக்குது? ஒரு தடவகூட மைக் சத்தம் கேக்கலியே" என்றார்.

தேர்தலே கிடையாது என்று சொன்னேன். ஊராட்சிக்குத் தேர்தல் இருந்ததும் அதை அறுபதுகளில் நிறுத்தி வைத்ததும், இன்னும் வைத்தது வைத்த இடத்திலேயே இருப்பதும் அவருக்குப் புதுச் செய்தி. மேலிடத்திலிருந்து நியமனக் கடிதம் வரும். அதில் இத்தனை காலம் என்று போட்டிருக்கும். பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள், பிடிக்காவிட்டால் வேறு ஆள் வருவார் என்று விளக்கினேன். காசிம் ஸ்டென்சிலைக் கீழே வைத்தார். அந்தத் தலைவர் மேல் அவருக்கு உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

"அப்ப அவருக்கும் நம்மள மாதிரி பெர்மிட்டுதானா அண்ணே? மெடிக்கல் செக்கப்பெல்லாம் உண்டா?"

கடைசி எழுத்து

பிறகு அந்த ஊருக்கு மாநகர் அந்தஸ்து கிடைத்தது. கம்பம் என்கிற பக்கத்துச் சிற்றூர்கள் இரண்டையும் தாமான் என்கிற குடியிருப்புகள் நாலைந்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். சேறு மட்டும் அதே சேறு. நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமானது, தலைவர் என்ற பதவி மேயரானது. மலாயில் டத்தோ பண்டார். முதல் மேயராக ஐந்தாவது ஆள் வந்தார், முதன்முதலாகப் பொங்கல் விழாவுக்கும் வருகிறார். கவுன்சிலர் குணா கையால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: 'மாண்புமிகு டத்தோ பண்டார் அவர்களே, வருக வருக.' நான் அன்று ஷா ஆலமில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். காசிம் பேனரை அடித்து லோரியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் மைதானத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். இருபதடி நீளத்தில், மஞ்சளில் சிவப்பெழுத்து: 'மாண்புமிகு டத்தோ பண்டாரம் அவர்களே, வருக வருக.' காசிமுக்கு மலாய் பண்டார் தெரியாது. தமிழ்ப் பண்டாரம் நன்றாகத் தெரியும். ஊரில் கோயில் வாசலில் காவி கட்டித் திருவோட்டோடு நிற்பவர். கவுன்சிலர் அவசரத்தில் கடைசி எழுத்தை விட்டுவிட்டார் என்று நினைத்து, கேட்காமலே திருத்திக் கொடுத்திருக்கிறார். மேயருக்குத் தமிழ் தெரியாது. பேனருக்கு நேர்கீழே நின்று கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். மன்றத்தின் முகநூலில் அது மூன்று நாள் ஓடியது. கிள்ளான் முதல் காஜாங் வரை தமிழர் எல்லாரும் லைக் போட்டார்கள். மேயருக்கு ஒரே பூரிப்பாம், இந்தியர்களின் ஆதரவு இவ்வளவா என்று.

நான் குணாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"வெளிய சொல்லாதீங்க அண்ணே. என்னையும் யாரும் ஓட்டுப் போட்டு உக்கார வைக்கல. அவரு பெரிய பண்டாரம்னா, நான் சின்னப் பண்டாரம் ஆயிருவேன்லா."

சுவரில் ஒரு வரலாறு

மாநகரம் என்றால் வரலாறு வேண்டுமே. மன்றத்தின் மாடிக் கூடத்தில் தலைவர்கள் வரிசை என்று ஒரு பெரிய சுவர்ப்பலகை ஆர்டர் ஆனது. படம், பெயர், கீழே ஒரு வரி சாதனை. சாதனை வரியில் எல்லாருக்கும் படகுத்துறை மேம்பாடு என்றே வந்தது. ஒரே ஸ்டென்சிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் எனக்கு வேலை மிச்சம்.

பழைய கோப்புகளைப் புரட்டிய குமாஸ்தா ஒருவர் பட்டியலின் தலையில் இன்னொரு பெயரையும் எழுதியிருந்தார். தேர்தல் இருந்த காலத்தில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த தலைவர். படமும் கிடைத்தது, கோட்டு போட்டு நின்றார். புவான் சாலேஹா அந்தப் பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கெட்ட பெண்மணி இல்லை அவர். எனக்குத் தீபாவளிக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்புகிறவர். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. செத்தவர் பெயரை வெட்டிக் கொடுக்கிறவன் நான், செத்தவர் பெயரை வெட்டிப் போடுகிறவன் இல்லை. ஏன் என்று கேட்டேன். அவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அவர் படத்தை மாட்டினா, அவர் எப்படி வந்தார்னு ஜனங்க கேப்பாங்க. அப்புறம் மத்தவங்க எப்படி வந்தாங்கன்னும் கேப்பாங்க."

ஐந்தாவது கல்

போன மாதம் புவான் சாலேஹா போன் செய்தார். மேயர் படகுத்துறைக்கு அடிக்கல் நாட்டப் போகிறார், ஐந்தாவது கல் வேண்டும், நண்டுக்குப் பதில் இந்தத் தடவை டால்ஃபின். கூடவே ஒரு குழப்பம். பழைய நான்கு அடிக்கல்லும் நட்ட இடத்தில் இல்லையாம். இரும்பைத் திருடுகிறார்கள், சரி. தலைவர் பெயர் போட்ட கல்லை எவன் திருடுவான் என்று அவருக்குத் தலை சுற்றியது. இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

நான் போன நேரம் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. படகுத்துறையின் நுனிவரை போய்க் கீழே பார்த்தேன். சேற்றில் சதுப்புநிலப் பக்காவ் மரக் கட்டைகளை இறுக்கி அடித்து, சிமெண்ட் போட்டு, அதன்மேல் என் கற்கள் நான்கும் வரிசையாகப் படுத்திருந்தன. எழுத்து மேலே பார்க்க, முதல் தலைவர் உச்சிப் படி, நான்காமவர் கடைசிப் படி. அதற்குக் கீழே சேற்றுக்கு இன்னும் ஒன்றரை அடி பாக்கி. படகிலிருந்து செசிலி அக்கா வந்தார். அந்த ஒன்றரை அடிக்கு மட்டும் மரியசூசை அண்ணன் கையைப் பிடித்து ஏற்றினார். மற்ற நான்கையும் ஒரு கையில் கம்பு, ஒரு கையில் கூடையோடு, யார் கையையும் பிடிக்காமல் அவரே ஏறினார். தலைவர் தலைவராக மிதித்து மேலே வந்து மூச்சு வாங்கிச் சிரித்தார். இத்தனை வருஷமாக நான் வெட்டிய எழுத்து ஒருவருக்குப் பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மரியசூசை அண்ணன் கொஞ்சம் பயத்தோடுதான் என்னைப் பார்த்தார். "அடிக்கல்லுன்னா அடி வைக்கிற கல்லுதானே பாஸ்? தப்பா வச்சிட்டோமா?" என்றார். அதே நேரம் என் போன் அடித்தது. புவான் சாலேஹா. கல் கண்ணில் பட்டதா என்றார். கண்ணெதிரே நாலும் பளபளவென்று கிடக்கின்றன. "இல்லை புவான், எல்லாம் சேறு" என்றேன். அது ஒன்றும் பெரிய பொய்யில்லை.

விழா முடிந்த மறுநாள் மீதியை மீனவர்களே பார்த்துக்கொள்வார்களாம். என் வேலை கல்லைக் கொடுப்பது மட்டும். இந்தத் தடவை ஆர்டரில் சொன்னதைவிட ஓரங்குலம் கனமாகவே போடுகிறேன், பாலிஷும் போடப்போவதில்லை என்று சொல்லிக் கிளம்பினேன். செசிலி அக்கா கம்பைத் தட்டி என்னை நிறுத்தினார். மூன்றாவது படியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தம்பி, அந்த மூணாவது ஆளு பேரு சின்னது, வழுக்குது. இந்த மேயருக்குப் பட்டம் நெறைய இருக்காமே, ஒண்ணு விடாம எல்லாத்தையும் போட்டு நல்லா ஆழமா வெட்டுங்க, அப்பதான் காலு புடிக்கும்."

மக்கள் காலடியில் கிடந்து உழைத்த தலைவர்கள் என்று அந்த ஊர் வரலாற்றில் எழுத இந்த ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், அதையும் நான்தான் வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.