அத்தை அவசரமாக நிதானம் கற்ற கதை

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதலில் பேருந்து ஓட்டியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. இந்த இரண்டில் எது பெரிய சாதனை என்று யாராவது கேட்டால் குடும்பமே அத்தை பக்கம் கை காட்டும். நானும் அந்தப் பக்கம்தான். என் பட்டத்தை நம்பி இதுவரை யாரும் ஏறி உட்கார்ந்ததில்லை.

டிப்போவில் அத்தைக்கு ‘ஹாரன் அக்கா’ என்று பெயர். அவள் ஓட்டும் பேருந்தின் ஹாரன் பல மாதங்களாகப் பழுதாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்யவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவள் தலையை நீட்டினாலே போதும், முன்னால் போகும் வேன் தானாக ஒதுங்கும். சிவப்பு விளக்கையும் திட்டுவாள். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொன்னவன் பஸ் ஓட்டியிருக்க மாட்டான்’ என்பது அவள் கொள்கை.

அந்தக் குரலுக்கு வேட்டு வைத்தது வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. கையில் பட்டையைச் சுற்றி அளந்த டிப்போ மருத்துவர், இவ்வளவு ரத்த அழுத்தத்தோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் விடுப்பு, அதற்குள் அழுத்தம் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் தொலைந்த பொருள்கள் கவுன்டரில் உட்கார வேண்டியதுதான். மாத்திரை எழுதிக் கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார்.

“நான் நடக்க ஆரம்பிச்சா அப்புறம் பஸ் எதுக்கு?” என்று அத்தை கேட்டாளாம்.

நடக்கப் பிடிக்காவிட்டால் நூலகத்துக்குப் பின்னால் காலையில் தாய்ச்சி வகுப்பு நடக்கிறது, அங்கே போகலாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். சீனத்துத் தாவோ மரபில் வந்த பயிற்சி, கையையும் காலையும் மெதுவாக அசைத்து மூச்சைக் கவனித்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு ‘போதும்’ என்ற சொல் பிடித்திருந்தது. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டாள். வேலை தேடி அவள் வீட்டில் தங்கியிருந்த எனக்குக் காலை ஆறு மணிக்கு வேறு அலுவல் இல்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

வகுப்பு நடந்தது கூடைப்பந்துத் திடலில். டீச்சர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர், முப்பது வயது இருக்கும். நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களோடு பழகியதால், யார் என்ன அலறினாலும் முகம் மாறாது. மாணவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர். கையைத் தூக்கும்போதே பிறவிப் பயன் அடைந்த முகத்தோடு தூக்குவார்.

முதல் நாளே அத்தை அவரை ஓவர்டேக் செய்தாள்.

எல்லோரும் மேகத்தைத் தள்ளுவது போலக் கைகளை மிதக்கவிட்டு நகர்ந்துகொண்டிருந்தோம். அத்தை சன்னலைத் துடைப்பது போல நாலு வீச்சு வீசிவிட்டு, வரிசையின் கடைசி அசைவையும் முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“நான் முடிச்சிட்டேன் டீச்சர்.”

“முதல்ல முடிக்கிறவங்களுக்குப் பரிசு எதுவும் இல்லக்கா.”

“எனக்கு ரெண்டு மாசம்தான் டைம் இருக்கு. சீக்கிரம் மெதுவாகணும்.”

டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து அத்தையின் வலது பாதத்தைப் பார்த்தார். விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டிருந்தன. நிற்கும்போதே ஏன் அந்தக் காலை அப்படி அழுத்துகிறீர்கள் என்று கேட்டார். அத்தையும் அப்போதுதான் பார்த்தாள்.

“பிரேக்கு” என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

தரையில் பிரேக் இல்லை என்று அந்தக் காலுக்குப் புரியவைக்கவே பல நாட்கள் ஆயின. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது அழுத்தியது. கட்டிலிலும் அழுத்துகிறது என்று மாமா சாட்சி சொன்னார்.

அதைவிடப் பெரிய தகராறு குரங்கு அசைவில் வந்தது. எதிரே வரும் குரங்கை உள்ளங்கையால் தள்ளிவிட்டு, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்க வேண்டும். பார்வை முன்னால்தான் இருக்க வேண்டும். அத்தை ஒவ்வோர் அடிக்கும் கழுத்தைத் திருப்பி இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் குரங்கு வந்து உட்கார்ந்து பழமே தின்றிருக்கும்.

“திரும்பாதீங்கக்கா. கால் விரலாலயே தரையைத் தொட்டுப் பார்த்து வைங்க.”

“விசில் கொடுக்க ஆள் இல்லாம நான் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன்.”

“இங்க உங்க பின்னாடி யாரும் இல்ல.”

“எனக்குப் பின்னாடி எப்பவும் அறுபது பேர் இருக்காங்க டீச்சர். திடீர்னு இல்லன்னு நெனச்சுக்கோன்னா எப்படி?”

டீச்சர், சரி, பின்னால் ஒரு சுவர்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். சுவர் என்றால் இன்னும் மோசம், வண்டி நசுங்கிவிடும் என்றாள் அத்தை. வங்கிக்காரர் தியான முகத்தை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டார்.

வகுப்பின் முடிவில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும். எண்ணினால் தூக்கம் வருகிறது என்று அத்தை வேறு வழி கண்டுபிடித்தாள். மனதுக்குள் தன் வழித்தடத்தை ஓட்டினாள், ஒரு மூச்சுக்கு ஒரு நிறுத்தம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அத்தனை அமைதிக்கும் நடுவில் “எடுடா வண்டிய” என்று ஒரு குரல். சந்தை நிறுத்தத்தில் எவனோ வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டானாம். அந்த வேனும் அவள் நினைத்துக்கொண்டதுதான். அதன் மீது வந்த கோபம் மட்டும் அசல். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

நான் என் பங்குக்குத் தாவோ பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். நமக்குத்தான் எதையும் படித்துவிட்டால் தெரிந்ததாக ஒரு நினைப்பு. இரவுச் சாப்பாட்டின்போது, தண்ணீர் மோதாமல் வளைந்து போகிறது, எதையும் முட்டித் தள்ளாமல் அதன் போக்கில் விடுவதே உயர்ந்த செயல், செய்யாமல் செய்வது என்று அதற்குப் பெயர் என்றெல்லாம் விளக்கினேன்.

அத்தை, முன்னறையில் தையல் மெஷினில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமாவைக் காட்டினாள். “உன் மாமா கல்யாணத்துலேர்ந்தே அதத்தான்டா பண்றாரு. அதுக்கு ஒரு தத்துவம் இருக்குன்னு தெரியாம இத்தனை வருஷம் திட்டிட்டேன்.”

அந்த மாமாதான் ஒருநாள் வகுப்புக்கு நேராக வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா, கையில் மாத்திரை டப்பா. யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். டப்பாவை டீச்சரிடம் நீட்டினார். உள்ளே ஓர் அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அத்தைக்கு முகம் சுருங்கியது. உடம்பு லேசாக இருக்கிறது, தூக்கம் வருகிறது, பிறகு மாத்திரை எதற்கு என்று முணுமுணுத்தாள்.

பல்வலிக்காரர்கள் யாராலும் கிளப்ப முடியாத டீச்சரின் குரல் அன்றைக்குக் கிளம்பியது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் எப்போதாவது சொன்னேனா, இது மருந்துக்குப் பக்கத்தில் செய்வது, மருந்துக்குப் பதிலாகச் செய்வதில்லை, வண்டியில் நல்ல டயர் போட்டுவிட்டால் பிரேக் வேண்டாமா என்று டீச்சர் போட்ட சத்தத்தில் நூலகத்தின் மேல்மாடி சன்னல் ஒன்று திறந்தது.

அத்தை மரியாதையோடு கேட்டு முடித்தாள். “உங்களுக்கும் ஒரு தடவை பாத்துடுங்க டீச்சர். கொஞ்சம் ஏறியிருக்கும்போல.”

அன்றிரவிலிருந்து மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது. ஆனால் தொலைத்த நாட்கள் தொலைத்தவைதான். கெடு முடிந்த அன்று மருத்துவர் அறைக்கு நானும் கூடவே போனேன். அத்தை நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தாள். உதட்டை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டை இறுகித் தளர்ந்தது. முன்பைவிட நன்றாக இறங்கியிருந்தது. எல்லைக்கு மேல் கொஞ்சம்தான்.

மருத்துவர் நல்லவர். டிப்போவில் ஓட்டுநர்களுக்குப் பஞ்சம் என்பதும் அவருக்குத் தெரியும். “இந்தக் கொஞ்சத்த நான் பாக்கலன்னு வெச்சுக்கலாம். கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவுப் பக்கம் இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன். அத்தை எழுந்திருக்கவில்லை.

“கொஞ்சம் கூட இருந்தா என்ன ஆகும் டாக்டர்?”

“பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. எப்பவாவது யாருக்காவது தலை சுத்தும்.”

“எப்பவாவதுன்னா, எந்த ஸ்டாப்புல?”

மருத்துவர் பேனாவை மூடினார்.

ஒரு மாதம் கவுன்டர் வேலை என்று எழுதித் தரும்படி அத்தையே கேட்டு வாங்கினாள். வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம். இதற்காகத்தானே இத்தனை நாள் விடியலில் எழுந்தோம், கிடைத்ததை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அவள் வேகமாக நடந்தாள். தெரு முனையில் திரும்பி, “வாய மூடிட்டு வாடா, ஏற்கனவே அழுகையா வருது” என்றாள். அத்தை அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, அவள் முன்னால் போய்விட்டாள்.

தொலைந்த பொருள்கள் கவுன்டர் அவளுக்குச் சிறைதான். குடைகள், ஒற்றைக் காலணிகள், ஒரு பல்செட். பல்லைத் தொலைத்தவர் வந்து கேட்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே அவள் பேருந்தை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போவார். அவர் கிளட்சைக் கொல்லும் சத்தம் அத்தைக்கு உள்ளே கேட்கும். ஆமை புகுந்த வீடுகூடப் பிழைத்துக்கொள்ளும், ஆமையாகவே ஆனவள் கதி என்ன என்று என்னிடம் புலம்புவாள். ஆனாலும் விடிந்தால் திடலுக்குக் கிளம்பினாள். அந்த மாதத்தில்தான் உண்மையில் மெதுவானாள். காத்திருக்கும் வண்டி என்று எதுவும் இல்லாததாலா, மாத்திரையாலா, மூச்சாலா என்று நான் டீச்சரிடம் கேட்டேன். தெரியாது, எல்லாமாகவும் இருக்கலாம் என்றார். எதற்கும் ஒரே காரணம் வேண்டும் என்ற என் பரீட்சைப் புத்திக்கு அந்தப் பதில் இன்னும் செரிக்கவில்லை.

மாதக் கடைசியில் அழுத்தம் எல்லைக்குள் வந்தது. மருத்துவர் இம்முறை எதையும் பார்க்காமல் விட வேண்டியிருக்கவில்லை.

அவள் மறுபடி பேருந்தை எடுத்த முதல் நடையில் நானும் ஏறி, அவளுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். பாலம் இறங்கும் இடத்தில் பைக்கில் வந்த ஒருவன் ஒதுங்காமலும் போகாமலும் குறுக்கே வெட்டினான். அத்தை பிரேக்கை அழுத்தினாள். தலையை வெளியே நீட்டினாள். அவனுடைய கண், அவனுக்கு உரிமம் கொடுத்த அதிகாரி, அவனைப் பெற்றவர்கள் என்று ஒருவர் விடாமல் விசாரித்தாள். போச்சு, மறுபடியும் கவுன்டர்தான் என்று நினைத்தேன்.

தலை உள்ளே வந்தது. முன்பெல்லாம் இப்படி ஒருவன் வெட்டினால் அவன் ராத்திரிச் சாப்பாடு வரை எங்களோடு உட்கார்ந்திருப்பான். அத்தை கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னடா முழிக்கிற?”

“அந்த பைக்காரன்...”

“எந்த பைக்காரன்?” என்று சொல்லிவிட்டு, நிறுத்தத்தில் வண்டியை ஒதுக்கிக் கதவைத் திறந்தாள். ஏறியவர்களைப் பார்த்து, உள்ளே தள்ளிப் போகச் சொல்லித் தெருவே கேட்கும்படி கத்தினாள்.