விரல் பார்த்த பக்கம்

என் அக்காள் புருஷன் பால்தசாரை எனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. அவர் மசாத்லா ஊர்க்காரர். எங்கள் அகதேபானுக்கும் மசாத்லாவுக்கும் நடுவே நாணல் ஊற்று இருக்கிறது. அது யாருடையது என்று கேட்டுத்தான் இரண்டு ஊரும் காலங்காலமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டு இருக்கிறோம்.

கல்யாணம் முடிந்து எங்கள் ஊரில் குடியேற நடந்து வந்த அன்று, வழியில் ஊற்றில் இறங்கிச் சுரைக்குடுவையை நிரப்பியிருக்கிறார். அப்போது ஊற்றுக் காவல் எங்கள் அப்பா. சொந்த மருமகன் என்றும் பார்க்காமல், கேட்காமல் எப்படி மொண்டாய் என்று அதட்டி, தண்ணீரை அவர் கையாலேயே மண்ணில் ஊற்ற வைத்தார். அப்புறம் வாய்விட்டுக் கேட்க வைத்து, அதன் பிறகுதான் மொள்ள விட்டார். இதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் சிரிக்கக் கூடாது? மசாத்லாக்காரன் எவனாயிருந்தாலும் கேட்டுத்தான் மொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து அவர் அந்த ஊற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. வெயிலோ மழையோ, ஆற்றுக்குப் போய்ச் சேறும் சகதியுமாகச் சுமந்து வருவார். அக்காள் அதைத் தெளிய வைத்து, அவருக்கு மட்டும் தனியாகச் சோளக்கூழ் காய்ச்ச வேண்டும். அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

"ஏன் அத்தான், ஊத்துத் தண்ணி தொண்டைல குத்துதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்கப்பன் காவக் காத்த தண்ணியா? பன்னிக்கு வை," என்றார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் ஏன் வைத்துக்கொண்டது என்றால், ஊர்ப்படம் எழுத எங்களுக்கு வேறு ஆள் இல்லை. குன்று, ஓடை, எல்லைக்கல் எதையும் தன் காலால் நடந்து பார்க்காமல் எழுத மாட்டார். அத்திப்பட்டைத் தாளை முற்றத்தில் விரித்து, நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து எழுதுவார். தாளின் மேல் யார் நிழலாவது விழுந்தால் கையில் இருப்பதை வீசுவார். ஒரு தடவை என் மேல் மைக்கிண்ணமே வந்து விழுந்தது. கள்ளிச்செடிப் பூச்சியை அரைத்து எடுத்த அந்தச் சிவப்பு என் மேலாடையை விட்டுப் போகவே இல்லை.

எங்கள் படத்தில் பாதைக்குக் கோடு கிடையாது. கால்தடம்தான். விரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஆள் அந்தப் பக்கம் போனான். தடம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் மூத்த ஊர், வழியில் உள்ள மண்ணும் நீரும் மூத்தவனுக்கே சேரும். பழைய படத்தில் தடம் மசாத்லாவில் கிளம்பி, ஊற்றைத் தாண்டி, எங்கள் ஊரில் வந்து நிற்கும். எங்கள் முன்னோர் அங்கிருந்து பிரிந்து வந்தவர்கள்தானாம். இதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

ஊற்று வழக்கை விசாரிக்க, கடல் தாண்டி வந்து எங்களை ஆளும் காஸ்தீலியரின் நீதிபதி வரப்போகிறார், இரண்டு ஊரும் படம் கொண்டுவர வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஊற்றுப் போனால் எங்கள் சோளக்கொல்லை மொத்தமும் போச்சு. ஊர்த்தலைவர் தோன் எஸ்தேபான் அக்காள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஊத்துலேருந்து நம்ம ஊருக்கு காலு போடு. ஊத்துக்கு அந்தாண்ட ஒண்ணும் வேணாம்," என்றார்.

"தண்ணிக்குள்ளேருந்து மனுசன் மொளைச்சா வருவான்? படம் பாக்கத் தெரிஞ்சவன் சிரிப்பான்," என்றார் பால்தசார்.

"எழுதுனா இங்க இரு. இல்ல, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு நடையக் கட்டு."

அக்காள் அழுதாள். அவர் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை கோயில் முற்றத்தில் நடந்தது. இரண்டு படத்தையும் தரையில் விரித்தார்கள். மசாத்லாவுக்குப் படம் எழுதியவர் பால்தசாரின் சொந்த அண்ணன் கிறிஸ்தோபல். அவர் எங்கள் படத்தருகே குந்தி உட்கார்ந்து, ஊற்றோரத்து முதல் தடத்தில் கோலை வைத்தார். இந்த ஆள் ஊற்றுக்கு எங்கிருந்து வந்தான் என்று கேட்டார். எஸ்தேபானுக்கு முகம் செத்துவிட்டது. அது யாருடைய கால் என்று நீதிபதி மொழிபெயர்ப்பாளன் மூலம் பால்தசாரிடம் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளே இத்தனை வருஷமாக வெந்துகொண்டிருந்தது வெளியே வந்தது.

"அது என் காலு. மசாத்லாலேருந்து வந்தேன். ஊத்துல தண்ணி மொண்டேன். என் மாமனாரு, இந்த ஊரு காவக்காரன், மொண்டத என் கையாலயே கீழ ஊத்த வெச்சான். கேட்டு மொள்ளுடான்னான். கேட்டேன். இதான் இவங்க லட்சணம்."

தடம் மசாத்லாவில் தொடங்குகிறது என்று எங்கள் ஆளே சபையில் சொல்லியாகிவிட்டது. கிறிஸ்தோபல் சிரித்தார். குடியைக் கெடுத்துவிட்டான் பாவி என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

நீதிபதி மட்டும் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். காவல்காரன் அகதேபான்காரன்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் பால்தசார். மசாத்லா ஜனங்கள் எல்லோருமே அவர்களிடம் கேட்டுத்தான் மொள்வார்களா என்று அடுத்த கேள்வி வந்தது.

"எல்லாருந்தான். எங்க ஆத்தாகூட கெஞ்சித்தான் மொண்டா," என்றார், அதே சூட்டில்.

எழுத்தரைப் பார்த்து எழுதிக்கொள் என்றார் நீதிபதி. கால் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் காஸ்தீலியருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் சட்டத்தில், மொள்ளக் கூடாது என்று சொல்ல முடிந்தவன் எவனோ அவனே சொந்தக்காரன். ஊற்று எங்களுக்கு என்று தீர்ப்பானது.

பால்தசாருக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களைக் கேவலப்படுத்தச் சொன்னது, பிறந்த ஊரின் ஊற்றையே எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. கிறிஸ்தோபல் தன் படத்தைச் சுருட்டிக்கொண்டு அருகில் வந்தார்.

"தம்பி, இனிமே உன் கால் வெரலு நம்ம ஊர்ப் பக்கம் திரும்பக் கூடாது," என்றார். அவர்களுடைய தாய் செத்தபோதும் சொல்லி அனுப்பவில்லை.

ஊருக்கு ஒரே கொண்டாட்டம், கற்றாழைக் கள் ஓடியது. எஸ்தேபான் புதுப்பானையில் ஊற்றுத் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் சாமந்தி சுற்றி, உன் அத்தானுக்கு ஊர் மரியாதை என்று சொல்லி என்னிடம் கொடுத்தனுப்பினார். போயும் போயும் என்னிடம்.

அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மூஞ்சி தொங்கிப் போயிருந்தது. அவரைப் பார்த்துப் பாவப்பட்டேன், அது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

"யாரக் கேட்டு மொண்ட?" என்றார்.

நம்ம ஊற்றுக்கு யாரைக் கேட்க வேண்டும்? பானையை அவர் முன்னால் நீட்டினேன். அவர் பானையை என் கையிலேயே விட்டு, அதன் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்தார். கடைசிச் சொட்டு மண்ணில் விழும்வரை என் கைகள்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. பிறகு குடுவையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.