இன்ஸ்பெக்டரின் பின்னங்கால்கள்

போன வாரம் பெரம்பலூரில் கால்நடை டாக்டர், "பின்னங்கால தொட்டுப் பாருங்கம்மா, ஐஸா இருக்கா?" என்றார். இருந்தது.

மகள் வளர்க்கும் பூனை. காலையில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு அலறிக்கொண்டு பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது. மாடி வீட்டுக்காரர்தான் அடித்திருப்பார் என்று மகள் அழுதாள். டாக்டர் தலையை ஆட்டினார். "யாரும் அடிக்கல பாப்பா. இதயத்துல ரத்தம் கட்டி, அது போயி காலுக்குப் போற குழாய அடச்சிருக்கு. பூனைங்களுக்கு இப்படித் திடீர்னு வரும்." அதைக் கேட்டதும் எனக்கு என் பழைய பூனை நினைவுக்கு வந்தது.

சொல்கிறேன், கேளுங்கள். முதல் வேலை எனக்கு லப்பைக்குடிக்காட்டில், டீச்சர் வேலை. தனி ஆள், ஒரு வாடகை வீடு, ஒரு பூனை. பூனைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றிக் குறை கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிடும். நான் பயந்த ஒரே அதிகாரி அதுதான்.

பக்கத்து வீடு ஜுலைகா அக்கா. கணவர் துபாயில். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியில் எனக்கும் தினம் ஒரு தூக்கு வந்துவிடும். திறந்தால் இஞ்சியும் பூண்டும் புதினாவும் அப்படி மணக்கும். பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாதே என்று கழுவி, இரண்டு கை சீனி போட்டுக் கொடுப்பேன். "டீச்சர், உங்க சீனியிலதான் எங்க வூட்டு பாயசமே ஓடுது" என்று சிரிப்பார்.

அப்படி ஒரு நோன்பு நாள் காலையில், அக்கா வீட்டு மாடியில் காயவைத்த கருவாட்டை இன்ஸ்பெக்டர் தூக்கிவிட்டது. அக்கா துடைப்பத்தோடு துரத்தினார். "இன்னொரு வாட்டி வந்தே, கால ஒடச்சிருவேன்!" சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால், வாசலில் அது கத்திக்கொண்டு கிடந்தது. பின்னங்கால் இரண்டும் அசையவில்லை. என் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். மடியில் போட்டுக்கொண்டு பாதங்களைத் தேய்த்துவிட்டார்.

"டீச்சர், கால் ஐஸா இருக்கே. இது அடி மாதிரி தெரியல."

"சொன்னத செஞ்சுட்டீங்க, இல்ல?" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அல்லா மேல ஆணையா நான் தொடல டீச்சர். நோன்பு வச்சிருக்கேன்."

"போங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் செத்துக் கிடந்தது. அன்று மாலையும் வழக்கம்போலக் கஞ்சி வந்தது. தூக்கைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். பெருநாள் வரைக்கும் அவர் தினமும் அனுப்பினார்; தினமும் திருப்பினேன். அடுத்த வருஷம் மாற்றல் கிடைத்தது. சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். பெரிய நியாயவாதி, போங்கள்! இத்தனை வருஷம் அந்தக் கோபத்தை நியாயம் என்றே நினைத்திருந்தேன்.

மகளின் பூனையும் மூன்றாம் நாள் போய்விட்டது. மாடி வீட்டுக்காரர்தான் வேப்பமரத்தடியில் குழி வெட்டிக் கொடுத்தார். மகள் அவர் பக்கத்திலேயே நின்றாள்.

நேற்று ஒரு தூக்கு நிறைய சீனியோடு லப்பைக்குடிக்காடு பஸ் ஏறினேன். எங்கள் இரண்டு வீடும் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"ஜுலைகாம்மாவா? அவங்க மவுத்தாகி, அடக்கம் பண்ணி மூணு வருஷம் ஆச்சுங்களே. நீங்க யாரு?"

"பக்கத்து வீடு" என்றேன்.

பெரம்பலூர் வரும்வரை தூக்கு என் மடியிலேயே இருந்தது, திறக்காமலே.